சந்தைக்குக் கிழமை உண்டு, போனுக்கு?

"நேரடி விற்பனைக்கு வாங்க" என்று பேசாத உழவர் கூட்டம் இன்றைக்கு இல்லை. நானும் பேசியிருக்கிறேன். விளைந்த நெல்லை மூட்டையாகத் தூக்கிப்போய் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருவதைவிட, அரிசியாக்கி, சாப்பிடுகிற வீட்டுக்கே அனுப்பினால் உழவன் கையில் நாலு காசு கூட நிற்கும். யார் சாப்பிடுகிறார்கள் என்பது நமக்கும், யார் விளைவித்தார் என்பது அவர்களுக்கும் தெரியும். இதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே கிடையாது. பதினோரு வருடமாக எங்கள் குடும்பம் அப்படித்தான் பிழைக்கிறது.

ஆனால் நேரடி விற்பனைக்கு வந்த பிறகு போன் என்ன பாடு படுத்தும் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்வதில்லை. புதிதாக இறங்கப் போகிறவர்கள் முதல் பையைக் கட்டுவதற்கு முன்பே இதைப் பற்றி யோசித்துக்கொள்வது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் வந்தவாசிப் பக்கம், நாலு ஏக்கர். இரண்டரை ஏக்கர் கழனியில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும், கொஞ்சம் கருப்புக் கவுனியும். மீதி கொல்லையில் மல்லாட்டை. (மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு: நிலக்கடலையைத்தான் நாங்க அப்படிச் சொல்றோம்.) மல்லாட்டையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகக் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருக்கிற குடும்பங்கள். பத்து வீட்டில் ஆரம்பித்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது ஒருத்தர் சொல்லி ஒருத்தர் என்று சேர்ந்து 70 வீடாகிவிட்டது.

வியாபாரிக்கு நெல் போட்ட காலத்தில் என் எசமான் ஒருத்தர்தான். வருசத்துக்கு ஒரு தடவை சண்டை போட்டால் முடிந்தது. 70 வீடு ஆன பிறகு 70 எசமான். ஒருத்தரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் பேசுவார்கள். அன்பாகப் பேசுகிறவர்களிடம் "அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

காலை அஞ்சரைக்கு மாட்டில் பால் கறந்துகொண்டிருக்கும்போது, "தம்பி, கவுனியை எவ்ளோ நேரம் ஊறவைக்கணும்?" மும்முனைக் கரண்ட்டு இருக்கிற நேரத்தில்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும், மடை திருப்ப மண்வெட்டியோடு நிற்கிறபோது, "அண்ணா, பார்சல் எங்க வருது?" நடவாட்கள் பன்னிரண்டு பேர் வரப்பில் நின்று நாற்றுக்கட்டுக்குக் காத்திருக்கும்போது, "அரிசியில வண்டு இருக்கே, என்னாங்க இது?" ராத்திரி பத்தரைக்கு, "சும்மாதான் சார் கூப்பிட்டேன், இந்த வருசம் மழை எப்படி?" கடைசியாகச் சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். மழையைப் பற்றி உழவனிடம் விசாரிக்கிற பட்டணத்துக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆனால் அடுத்த நாள் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியவன் நான்.

இதை வெறும் எரிச்சல் என்று விட்டுவிட முடியாது. இயற்கை வேளாண்மைக்கு ரசாயனம் வேண்டாம். ஆனால் கண் வேண்டும். இலைச்சுருட்டுப் புழு எந்தப் பாத்தியில் ஆரம்பித்திருக்கிறது, தண்டுத் துளைப்பான் தாக்கிய குருத்து எங்கே காய்ந்திருக்கிறது என்பதெல்லாம் காலையில் கழனியைச் சுற்றி வந்தால்தான் தெரியும். மூன்று நாள் பார்க்காமல் விட்டால், பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் பெரிய பயன் இருக்காது. மருந்துக்கடையை நம்பியிருப்பவருக்குக் கவனிப்பு குறைந்தால் செலவுதான் ஏறும். நமக்கு விளைச்சலே போகும். ஆக, காலை நேரத்தைப் போனுக்குக் கொடுப்பது இடுபொருளைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம்.

ஒரு புரட்டாசி மாதம் முழுக்க என் வீட்டம்மா ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தார்கள். யார் கூப்பிட்டது, எதற்கு, எந்த நேரம். மாதக் கடைசியில் எண்ணினால் 264 அழைப்பு. அதில் ஆர்டர் சொல்லக் கூப்பிட்டது 81. ஒரு அழைப்புக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 22 மணி நேரம். அதாவது மூன்று முழு நாள் கூலி. வாட்ஸப் செய்தியை இதில் சேர்க்கவே இல்லை.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. ஆர்டர் அல்லாத அழைப்பில் பாதிக்கு மேல் ஒரே நாலு கேள்விதான். எப்படிச் சமைப்பது, வண்டு வந்தால் என்ன செய்வது, பார்சல் எப்போது வரும், போன தடவை வந்த அரிசி வேறு நிறமாக இருந்ததே ஏன். இதற்கு மனுசர் தேவையில்லை, ஒரு துண்டுச்சீட்டு போதும். இப்போது ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு வைக்கிறோம். கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் ராத்திரி முழுக்க ஊற வேண்டும், தூயமல்லிக்கு ஒரு மணி நேரம் போதும். மருந்து போடாத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும். நிழலில் உலர்த்திப் புடைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள். வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கும். தவிடு நீக்காத அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை வரும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். இவ்வளவுதான் சீட்டு. அச்சகத்தில் ஆயிரம் சீட்டுக்கு ஆன செலவு, வண்டைப் பற்றி ஒரு மாதம் நான் பேசின நேரத்தைவிடக் குறைவு.

மீதி அழைப்புகளுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சந்தைதான் ஞாபகத்துக்கு வந்தது. வாரச் சந்தைக்கு ஒரு கிழமை உண்டு. அந்தக் கிழமையில் போனால் சாமான் கிடைக்கும். மறுநாள் போய் "ஏன்யா சந்தை இல்லை?" என்று யாரும் சண்டை போடுவதில்லை. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோதும், உழவரே நேரடியாக விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அங்கேயும் விடியற்காலையில் வந்து கடை போட்டவர், விற்றுவிட்டு மதியத்துக்குள் ஊர் திரும்பி மாட்டுக்குத் தீவனம் போட முடியும். நேரடி விற்பனையும் நேரக் கட்டுப்பாடும் சேர்ந்தேதான் இருந்தன. போன் வந்துதான் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கழற்றி எறிந்துவிட்டது. நாங்கள் அதைத் திரும்ப மாட்டினோம்.

மாதத்தில் முதல் சனிக்கிழமையும் மூன்றாவது சனிக்கிழமையும்தான் பார்சல் கிளம்பும். அதற்கு முந்தின புதன்கிழமை ராத்திரி 8 மணியோடு ஆர்டர் முடியும். வியாழன் நெல் அரைப்பு, வெள்ளி பை கட்டுவது, சனி காலை பேருந்துக்கு. இந்த ஏற்பாடு அரிசிக்கும் நல்லது: நெல்லாகவே வைத்திருந்து வேண்டிய அளவு மட்டும் அரைப்பதால் தவிட்டு எண்ணெய் கெட்டுப்போக நேரமில்லை. இதைச் சொன்னால் வாங்குகிறவர்களுக்கு உடனே புரிகிறது. "எங்களுக்குச் சிரமம்" என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. "அரிசி புதுசா இருக்கும்" என்றால் எல்லாருக்கும் புரியும். இரண்டுமே உண்மை என்பதால் எதை முன்னால் சொன்னாலும் தப்பில்லை.

விற்பனைக்கென்று தனி நம்பர் வாங்கினோம். அந்தப் போன் காலையில் வீட்டு அலமாரியில் இருக்கும், கழனிக்கு வராது. மதியம் 1 முதல் 2, ராத்திரி 7 முதல் 8. இந்த இரண்டு மணி நேரம்தான் பேச்சு. வாட்ஸப் பிசினஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. நாம் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் போகும்படி அதில் வைக்கலாம். எங்கள் பதில் இது. வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இப்போ கழனியில இருக்கோம். உங்க செய்தி வந்து சேர்ந்துடுச்சு. மதியம் 1 மணியிலேர்ந்து 2 மணிக்குள்ள, இல்லன்னா ராத்திரி 7 மணியிலேர்ந்து 8 மணிக்குள்ள பதில் சொல்றோம். முதல், மூணாவது சனிக்கிழமை பார்சல் கிளம்பும். அதுக்கு முந்தின புதன்கிழமை ராத்திரி வரைக்கும் ஆர்டர் சொல்லலாம்."

நான் எழுதினதில் முதல் சொல் 'மன்னிக்கவும்' என்று இருந்தது. மகள் அதை எடுத்துவிட்டாள். "கழனியில இருக்கறதுக்கு எதுக்குப்பா மன்னிப்பு?"

பணமும் இப்படித்தான். பார்சல் கிளம்பும் முன் பணம் வந்துவிட வேண்டும். பாக்கியைக் கேட்டு ஞாபகப்படுத்துவதைப் போல உறவைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டைத் தை மாதம் அறிவித்தோம். பங்குனிக்குள் 9 வீடு நின்றுபோனது. சிலர் சொல்லிவிட்டு நின்றார்கள், சிலர் சொல்லாமல். கடையில் இன்று கேட்டால் நாளைக்குக் கொடுக்கிறான், நீங்கள் இரண்டு வாரம் என்கிறீர்களே என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. அவருக்குக் கடைதான் சரி.

மனசில் தைத்தது தாம்பரத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா சொன்னதுதான். எங்கள் முதல் பத்து வீட்டில் ஒருவர். "குடும்ப மருத்துவர் மாதிரி குடும்ப உழவர்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? நாங்க சொந்தம்னு நெனச்சுப் பேசறோம். நீங்க பள்ளிக்கூடம் மாதிரி டைம் டேபிள் போடறீங்களே" என்றார்.

இது நம் இயக்கத்துக்கே உரிய சிக்கல். உண்பவரையும் உழவரையும் சொந்தமாக்க வேண்டும் என்று நாம்தான் சொல்கிறோம். சொந்தத்துக்கு நேரம் குறிக்கலாமா? ரொம்ப நாள் யோசித்தேன். என் சொந்த அக்கா அஞ்சரை மணிக்குப் போன் செய்தால் வீட்டில் ஏதோ கெட்ட செய்தி என்று பதறித்தான் எடுப்பேன். அறுப்பு சமயத்தில் மாமன் மச்சான் யாரும் விருந்துக்கு வர மாட்டார்கள். வந்தாலும் அரிவாளோடு வருவார்கள். சொந்தத்துக்கு நேரம் காலம் நிறையவே உண்டு. அது கிராமத்தில் எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். பட்டணத்துச் சொந்தத்துக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் இதை எழுதியே வைத்தார்கள். அங்கே 1970-களில் 'தெய்கெய்' என்ற பெயரில் உழவர்களும் குடும்பங்களும் நேரடியாகச் சேர்ந்துகொண்டார்கள். 1971-ல் தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978-ல் இதற்குப் பத்து விதிகள் வகுத்தது. நட்பை வளர்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. என்ன விளைவிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும், விளைந்ததை உண்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை வியாபாரியிடம் விடாமல் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பவையும் அந்தப் பத்தில் உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தின விதி வேறு: குழு அளவுக்கு மீறிப் பெருகக் கூடாது. நட்பும் வேண்டும், அதற்கு அளவும் வேண்டும் என்று ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறார்கள்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் நிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை ஏக்கரில் ஏக்கருக்கு 18 மூட்டை என்றால் 45 மூட்டை. விதைக்கும் வீட்டுக்கும் 8 மூட்டை போனால் 37. மூட்டைக்கு 75 கிலோ வீதம் 2,775 கிலோ நெல். நூற்றுக்கு 60 கிலோ அரிசி என்று வைத்தால் 1,665 கிலோ. ஒரு வீட்டுக்கு மாதம் 3 கிலோ, வருடத்துக்கு 36 கிலோ. வகுத்தால் 46 வீடு.

நான் ஓடிக்கொண்டிருந்ததோ 70 வீட்டுக்கு. மீதி அரிசிக்கு மற்ற உழவர்களிடம் நெல் வாங்கி, அரைத்து, கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதில் தப்பில்லை, அவர்களுக்கும் நல்ல விலை கிடைத்தது. ஆனால் அந்த வேலைக்குப் பெயர் வியாபாரம். வியாபாரம் பார்த்தால் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். நான் கழனி வேலைக்கு ஆள் வைத்துவிட்டு வியாபாரியாகிவிடுவதா, உழவனாகவே இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் அது. 9 வீடு நின்றது போக 61. அதில் 15 வீட்டாரிடம் விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, எங்கள் சங்கத்திலேயே புதிதாக இயற்கைக்கு மாறிய இரண்டு உழவர்களிடம் சேர்த்துவிட்டோம். கமிஷன் கிடையாது. அந்த இருவருக்கும் வாங்குகிறவர் இல்லாததுதான் அதுவரை பெரிய தடையாக இருந்தது. மொத்தத்தில் எங்கள் வருமானம் கொஞ்சம் இறங்கியது. எவ்வளவு என்று கேட்டால், ஒரு கறவை மாட்டின் வருமானம் அளவுக்கு என்று சொல்லலாம்.

அடுத்தது தோட்டம் பார்க்க வருகிறவர்கள். கட்டாயம் வரவேண்டும்; வந்து பார்க்காமல் எப்படி நம்புவார்கள்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, "அண்ணா, உங்க ஊர் ரோட்டுலதான் நிக்கறோம், ஆறு பேர்" என்று போன் வரும். நான் சந்தோசமாகக் கழனியைச் சுற்றிக் காட்டுவேன், பஞ்சகவ்யாத் தொட்டியைக் காட்டுவேன், பிள்ளைகளைக் கிணற்றடியில் குளிக்க விடுவேன். அடுப்படியில் நிற்பது யார்? ஒருநாள் சாயங்காலம் விருந்தாளிகள் கிளம்பின பிறகு வீட்டம்மா சொன்னார்கள்: "ஏங்க, அவங்களுக்கு இது லீவு நாளு. உங்களுக்குப் பேச்சு. எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமைதான் வேல ஜாஸ்தி."

அதன் பிறகு விதியை அவர்களே போட்டார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும். அதிகம் அஞ்சு குடும்பம். மூன்று நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை. அந்தப் பணம் அவர்கள் கணக்கில். சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "அரிசியத்தான் விக்கறீங்க, ஆக்கறதுக்குக் காசு வாங்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. நடவு மாதத்திலும் அறுப்பு மாதத்திலும் அந்த ஞாயிறும் கிடையாது. இன்னொன்றிலும் அவர்கள் கறார்: தன் சொந்த நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. என் போன் எடுக்கவில்லை என்றால் அவர்கள் போனுக்கு வருகிற பழக்கம் அதோடு நின்றது. நேரடி விற்பனை செய்கிற உழவர் வீடுகளில் சலிப்பது, புடைப்பது, கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். நேரத்துக்கு வரம்பு கட்டும்போது அவர்களைக் கேட்காமல் கட்டினால் நம் வரப்பு மட்டும் நிற்கும், அவர்கள் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நேரத்தோடு சேராத வரம்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். "கவுனி சாப்பிடறேன், சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் மாதம் ரெண்டு பேராவது கேட்பார்கள். எந்த நேரத்தில் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: அதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நாங்க நெல்லு போடறவங்க. நம் மேடைகளிலேயே சிலர் பாரம்பரிய அரிசியை மருந்து மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்காத விசயம். நாம் சொன்னதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திப் படுத்துவிட்டால் யார் பொறுப்பு?

விதி என்று வைத்தாலும் விலக்கு உண்டு. வீட்டில் கைக்குழந்தைக்குக் கஞ்சிக்கு அரிசி தீர்ந்துவிட்டது என்றால் எந்தக் கிழமையானாலும் பேருந்தில் போட்டுவிடுவோம். எங்களுக்கும் அவர்கள் விலக்குக் கொடுக்கிறார்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது பார்சல் அனுப்ப முடியவில்லை. ஒரு வீட்டிலிருந்தும் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரவில்லை. உங்க கழனி எப்படி இருக்கு என்றுதான் கேட்டார்கள். தை அறுப்புக்குப் பத்து நாள் விற்பனைப் போனை அணைத்தே வைக்கிறோம். மார்கழிக் கடைசியிலேயே சொல்லிவிடுவதால் எல்லாரும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

தாம்பரத்து அம்மா இரண்டு மாதம் ஒன்றும் வாங்கவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழேகாலுக்குக் கூப்பிட்டு தூயமல்லி மூன்று கிலோ சொன்னார். இப்போதும் வாங்குகிறார். ஆனால் முன்போல ஊர்க்கதை பேசுவதில்லை, ஆர்டரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். எனக்கு அதில் வருத்தம்தான்.

இவ்வளவும் அரிசி, எண்ணெய் விற்கிறவனுக்குச் சரி. இரண்டு வாரம் பொறுக்கிற சரக்கு என்பதால் என்னால் கிழமை குறிக்க முடிகிறது. கீரை விற்கிறவரும் பால் ஊற்றுகிறவரும் என்ன செய்வது? காலை ஆறு மணிக்குள் கீரை வாசலுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் மதியத்துக்குள் வாடிவிடும், போன் வரத்தான் செய்யும். எங்கள் சங்கத்தில் கீரை போடும் தம்பி ஒருவர், வாரத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, என்ன கீரை என்று கேட்காமல் அன்று அறுத்ததைக் கொடுக்கும் முறையை முயன்று பார்க்கிறார். நாலு மாதம்தான் ஆகிறது. காய்கறி, கீரை, பால் விற்பனையில் இதைச் சமாளித்தவர்கள் நம் இதழுக்கு எழுதுங்கள். தபாலில் எழுதினாலும் சரி. என்னிடம் பேச வேண்டும் என்றால் ராத்திரி ஏழிலிருந்து எட்டுக்குள்.